தம்பி வீட்டுப் பெரிய அறைக்கு வந்த வரி

தூத்துக்குடியில் என் தம்பி பர்னபாஸின் வீட்டில் முன்பக்கம் நீளமான ஓர் அறை உண்டு. எங்கள் அப்பா கட்டியது. தோணியின் பெரிய பாயை மடிக்காமல் விரித்துத் தைக்க வேண்டும் என்பதற்காகவே கட்டிய அறை. நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. அப்பா பாய் தைத்தார். தம்பி அந்தப் பாயைக் கட்டிக் கொழும்புக்குத் தோணி ஓட்டினான். முப்பது வயதுக்குள் தண்டேல் ஆனான். தோணியில் தண்டேல் சொன்னால் அதற்கு மேல் பேச்சு இல்லை. எங்கள் தெருவில் அந்த வயதில் வேறு யாரும் தண்டேல் ஆனதில்லை. அக்கா என்பதற்காக நான் கூட்டிச் சொல்லவில்லை. அந்தக் காலத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அவனுக்குக் கால் போனது வடக்கே வேம்பார் என்ற கடற்கரை ஊருக்கு நேரே கடலில். கொழும்பிலிருந்து திரும்பும்போது காற்று சுழன்றடித்து, பாய் கட்டும் மரம் முறிந்து அவனுடைய இடது காலின் மேல் விழுந்தது. தோணி கரையோரம் ஒதுங்கியதைப் பார்த்து வேம்பார் ஆட்கள் வள்ளம் தள்ளிப் போய் எல்லாரையும் இறக்கினார்கள். முன்னால் நின்றவர் சிலுவை. அன்று நல்ல மழை. பாதையெல்லாம் தண்ணீர் நின்றதால் தூத்துக்குடிக்கு எந்த வண்டியும் ஓடவில்லை. சிலுவையின் மனைவி சூசையம்மாள் தன்னுடைய ஒற்றை அறை வீட்டை ஒழித்து, தம்பியையும் தோணி ஆட்களையும் அங்கே படுக்க வைத்தாள். அவளும் புருஷனும் பிள்ளைகளும் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் அடியில் படுத்துக்கொண்டார்கள். பஸ் ஓடத் தொடங்கும் வரையில் அப்படித்தான் இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது.

அதற்கு அடுத்த வருடம் பனிமய மாதா திருநாளுக்குச் சிலுவையும் சூசையம்மாளும் தம்பியைப் பார்க்க வந்தார்கள். தம்பி அவர்களைப் போகவிடவில்லை. பெரிய அறையில் இடம் கொடுத்தான். மறு வருடம் அவர்களோடு அண்டை வீட்டார் வந்தார்கள். பிறகு அண்டை வீட்டாரின் சம்பந்திகள் வந்தார்கள். திருநாளுக்குக் கொடி ஏறினால் வேம்பார் பஸ்ஸிலிருந்து ஒரு கூட்டம் பர்னபாஸ் வீட்டுக்குத்தான் வரும் என்பது தெரு முழுவதற்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. பத்து நாளும் அங்கேயே சமையல், படுக்கை, ஜெபமாலை எல்லாம். சப்பரம் முடிந்த மறுநாள் ஊருக்குப் போவார்கள்.

மற்ற நாட்களில் அந்த வீட்டில் தம்பியும் அவன் மனைவி பிளாரன்ஸும் மட்டுந்தான். பிள்ளை இல்லை. அவன் பெரிய அறையில் உட்கார்ந்து மற்றவர்களின் தோணிகளுக்குப் பாய் தைத்தான். கக்கத்தில் ஊன்றிக்கொள்ளக் கட்டைக் கம்புகள் இரண்டு வைத்திருந்தான். ஆனாலும் தெருமுனையைத் தாண்டியதில்லை. பூசைக்குக்கூடப் போவதில்லை, சாமியாரே வீட்டுக்கு வந்து நன்மை அப்பம் கொடுப்பார். ஊரே அவனைத் தண்டேல் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கம்பை ஊன்றிக்கொண்டு கடைத்தெருவில் நடப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. அவன் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

எழுபத்து மூன்றாம் வருடம் வீடுகளுக்கெல்லாம் வரியைத் திருத்திப் போட்டார்கள். ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்குமோ அதை வைத்துத்தான் வரி. பெரிய அறையை அளந்து பார்த்தவர்களுக்கு அது சரக்கு அடைக்கிற கிட்டங்கியாகத்தான் தெரிந்தது. வந்த வரிச் சீட்டில் இருந்த தொகையைப் பார்த்துப் பிளாரன்ஸ் குசினிக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். பாய் தைக்கிற கூலியில் அதைக் கட்ட முடியாது. புதுத் துறைமுகம் வரப் போகிறது என்று தோணிக்காரர்கள் புதுப் பாய் தைப்பதையே தள்ளிப் போட்டுக்கொண்டிருந்த நேரம்.

கருப்பட்டிக் கடை பால்துரை அண்ணாச்சி ஏற்கெனவே கேட்டிருந்தார். கொழும்புக்கு ஏற்றும் வெங்காயத்தை அடைத்து வைக்கப் பெரிய அறை வேண்டும், வருடம் முழுவதற்கும் வாடகை தருகிறேன் என்று. நல்ல மனிதர், கேட்டதில் தப்பில்லை. ஆனால் அறைக்குள் வெங்காயம் வந்தால் வேம்பார் ஆட்கள் வர முடியாது. தம்பி "பாப்போம்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சலுகை இருப்பது தெரிந்தது. வயதானவர்களோ உடல் ஊனமுற்றவர்களோ சொந்த வீட்டில் தாங்களே குடியிருந்தால் பாதி வரி தள்ளுபடி கேட்கலாம். நிபந்தனை இரண்டு. வீட்டின் எந்தப் பகுதியையும் வாடகைக்கு விட்டிருக்கக் கூடாது. சம்பாதிக்கிற சொந்தக்காரர்களின் ஆதரவு இருக்கக் கூடாது. நான் எட்டாவது வரை படித்தவள். கையெழுத்து நன்றாக இருக்கும். கோடு போட்ட தாளில் மனுவை நானே எழுதினேன். ஆஸ்பத்திரிச் சீட்டை இணைத்தேன். "மேற்படியார் தெருமுனைக்கு அப்பால் நடக்க இயலாதவர்" என்றும் எழுதினேன். தம்பி அந்த வரியில் கொஞ்ச நேரம் கண்ணை வைத்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

விசாரணைக்கு ஆள் வருவார் என்றார்கள். திருநாளுக்கு முன்பே வருவார் என்று நினைத்தோம். அவர் வந்தது கொடியேறிய பிறகு.

அன்று நான் அங்கேதான் இருந்தேன். பெரிய அறையில் படுக்கைப் பாய்கள், மூட்டைகள், தொட்டிலில் ஒரு குழந்தை. முற்றத்தில் மூன்று அடுப்பு எரிந்தது. சிலுவை அந்த வருடம் கருவாட்டோடு அரை மூட்டை உப்பும் கொண்டுவந்திருந்தார். "தூத்துக்குடிக்கு உப்புச் சொமந்து வந்த மொத ஆளு நீருதான் ஓய்" என்று தம்பி அவரைக் காலையிலிருந்து கேலி செய்துகொண்டிருந்தான். "எங்க அளத்து உப்போட ருசி ஒங்க ஊரு உப்புக்கு வருமா தண்டேலு?" என்று சிலுவையும் விடவில்லை.

வாசலில் ஒருவர் கக்கத்தில் பையோடு வந்து நின்றார். நெற்றியில் விபூதி. பெயர் தாணுலிங்கம் என்று பிறகு தெரிந்தது. நகராட்சியில் வரிப் பிரிவில் வேலை. கதவருகே நின்ற சிலுவையிடம் அவர், "இங்கன எத்தன பேரு இருக்கிய?" என்று கேட்டார்.

சிலுவை அவரை இடம் தேடி வந்தவர் என்று நினைத்துவிட்டார். "அதப் பத்திக் கவலப்படாதிய. எம்புட்டுப் பேரு வந்தாலும் எடம் உண்டு. உள்ள வாங்க. குடும்பத்தோட வந்திருக்கியளா?"

"எம்புட்டுப் பேரு வந்தாலுமா?" என்றார் தாணுலிங்கம்.

"போன வருசம் இதவிடக் கூட்டம்! அந்த மூலை காத்தோட்டமா இருக்கும், அங்கன படுத்துக்கிடுங்க."

அந்த நேரம் பார்த்துச் சூசையம்மாள் ஒரு கட்டுக் கருவாட்டைப் பிளாரன்ஸின் கையில் கொடுத்து, "இந்தா, இந்த வருசத்துக்கு இது" என்றாள். தாணுலிங்கம் கருவாட்டைப் பார்த்தார். பிளாரன்ஸைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து தாளை எடுத்தார். தாளைக் கண்டதும் எனக்குப் புரிந்துவிட்டது.

"சார், இது லாட்ஜ் இல்ல" என்று நான் முன்னால் போனேன். "இவங்க வாடகைக்கு இருக்கிறவங்க இல்ல."

சிலுவைக்கும் அப்போது விஷயம் பிடிபட்டது. தான் கெடுத்ததைத் தானே சரிசெய்ய வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "வாடகையா? யாருகிட்ட யாரு வாடக வாங்குறது? நாங்க சொந்தம் சார். நான் தண்டேலுக்கு மாமன் மொற. இவ அத்தை. அவன் மருமவன். அந்தா தொட்டில்ல கெடக்கானே, அவன் பேரன்."

"எல்லாரும் சொந்தமா?"

"ஒரே ரத்தம்!"

"எல்லாரும் சம்பாதிக்கிறவங்கதானா?"

"ஒவ்வொருத்தனும் வலைக்குப் போனா சும்மா வரமாட்டான் சார். நாங்க இருக்கோம்லா! தண்டேல ஒரு கொற வைப்போமா?"

தாணுலிங்கம் பேனா மூடியைக் கழற்றினார். "அப்படின்னா சொந்தக்காரங்க ஆதரவு நல்லாவே இருக்கு" என்றார்.

பிளாரன்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏளா சூச, ஒம் புருசன உள்ள கூட்டிட்டுப் போளா. இன்னும் ரெண்டு வார்த்த பேசுனார்னா வீட்டையே எழுதி வாங்கிருவாவ."

தம்பி இதையெல்லாம் பாய் தைக்கிற இடத்தில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். ஊசியைப் பாயில் குத்தி வைத்துவிட்டு, "சார், இங்கன வந்து இருங்க" என்றான். தாணுலிங்கம் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மடித்துச் சொருகியிருந்த வேட்டியின் வெறுமையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டார்.

"இவங்க ஒங்க சொந்தமா அண்ணாச்சி?"

"இல்ல."

"வாடகைக்கு இருக்காவளா?"

"இல்ல."

"அப்ப யாரு?"

"திருநாளுக்கு வந்திருக்காவ. எங்கிட்டதான் தங்குவாவ."

தாணுலிங்கம் தாளைத் தூக்கிக் காட்டினார். "இதுல குடும்பத்தாருன்னு ஒரு கட்டம் இருக்கு. வாடகைக்காரருன்னு ஒரு கட்டம் இருக்கு. நீங்க சொல்லுத ஆளுக்குக் கட்டம் இல்லியே." சிறிது யோசித்துவிட்டுத் தாளை மடித்தார். "வெள்ளிக்கிழம காலைல திரும்ப வாரேன். அன்னைக்குக் கண்ணுல என்ன படுதோ அத எழுதுவேன்."

அவர் போன பிறகு நாளை எண்ணிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமையும் திருநாளுக்குள்தான் வருகிறது. அவர் வழி காட்டிவிட்டுத்தான் போனார் என்று எனக்குத் தோன்றியது. சிலுவைக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

"வெள்ளிக்கிழம ஒரு நாளு நாங்க கோயில் மணல்ல இருந்துக்கிடுதோம் தண்டேலு" என்றார். "எத்தனயோ சனம் அங்கனதான் கெடக்கு. அவரு வந்து பாத்துட்டுப் போவட்டும். சாயங்காலம் வந்துருதோம்."

"வேண்டாம்."

"ஒரு நாளுதான?"

"வீட்டுக்கு வந்த சனத்தப் பாயச் சுருட்டச் சொல்லி எனக்கு ஒரு சலுகையும் வேண்டாம். அவரு எழுதுதத எழுதட்டும்." ஊசியை எடுத்துக்கொண்டான்.

"எழுதுனா வெங்காயந்தான் இங்கன படுக்கும்" என்றாள் பிளாரன்ஸ். "அடுத்த திருநாளுக்கு இவுக எங்க படுப்பாவ? அதச் சொல்லுங்க."

அவன் பாயை மடிமேல் இழுத்துப் போட்டுத் தைக்கத் தொடங்கினான். பிளாரன்ஸ் கேட்டதில் நியாயம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நான் போனபோது பெரிய அறை கூட்டிப் பெருக்கிக் கிடந்தது. ஒரு படுக்கைப் பாய் இல்லை, பானை இல்லை. தொட்டில் கட்டிய கயிறுகூட இல்லை. அடுப்புக் கல்லை முற்றத்து ஓரத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். பிளாரன்ஸ் மட்டும் குசினி வாசலில் நின்றாள்.

"எல்லாரும் மொதப் பூசைக்குப் போறோம்னு போனாவ மயினி. பூசைக்குப் பானைய எதுக்குக் கொண்டு போறியன்னு நானும் கேக்கல."

"தம்பி எங்க?"

அவள் தெருவைக் கையால் காட்டினாள். "முழிச்சுப் பாத்தாவ. கம்ப எடுத்தாவ. கெளம்பிட்டாவ."

"கோயிலுக்கா?"

"நான் கத்தினேன். திரும்பியே பாக்கல."

கோயில் பக்கத்தில் இல்லை. வழியில் கடைத்தெரு வேறு, திருநாள் கூட்டம். விழுந்தால் தூக்கிவிட ஆள் உண்டு, ஆனால் அப்படித் தூக்கிவிடுவதை அவன் தாங்கமாட்டான். பின்னால் ஓடலாம் என்று தெருவில் இறங்கினேன். எதிரே தாணுலிங்கம் வந்துகொண்டிருந்தார்.

அவரை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. உள்ளே வந்து காலியாகக் கிடந்த அறையைப் பார்த்தார். சுவரோரம் நடந்து பார்த்தார். பாயை இழுத்துக் கட்டுவதற்காக அப்பா சுவரில் அறைந்த கொக்கிகளைக் கையால் தொட்டு, இது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். எழுதியதை எங்களுக்கு வாசித்தும் காட்டினார். கணவன் மனைவி இருவர் மட்டுமே குடியிருப்பு, வேறு யாரும் இல்லை, நடக்க இயலாதவர், சலுகைக்குத் தகுதி உண்டு.

"அண்ணாச்சி ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. எங்க அவரு?"

பிளாரன்ஸ் என்னைப் பார்த்தாள். நான் வாசலைப் பார்த்தேன்.

முதலில் குழந்தை அழுகிற சத்தந்தான் கேட்டது. பிறகு பானைகள் மோதும் சத்தம். எட்டிப் பார்த்தேன். தெரு நடுவில் என் தம்பி வந்துகொண்டிருந்தான். இரண்டு கம்பையும் முன்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கிப் போட்டு, நின்று, மறுபடி ஊன்றி வந்தான். சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அவனுக்குப் பின்னால் பாயும் மூட்டையும் தலையில் வைத்துக்கொண்டு வேம்பார் ஆட்கள் அத்தனை பேரும் வந்தார்கள். சிலுவை தலையைக் குனிந்துகொண்டு கடைசியில் வந்தார். தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். நான் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குப் பிடித்திருக்காது.

"கெடுத்தாவளே! எழுதி முடிச்ச பொறவு கெடுத்தாவளே!" என்றாள் பிளாரன்ஸ்.

தம்பி பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான். மூச்சு வாங்கி முடிக்கும் வரை தாணுலிங்கம் காத்திருந்தார்.

"சார், இவங்களும் உண்டு. எழுதிக்கிடுங்க."

"யாரும் இல்லன்னு எழுதியாச்சே அண்ணாச்சி."

"அடிச்சுட்டு எழுதுங்க."

"அடிச்சா சலுக கெடைக்கிறது கஷ்டம். யோசிச்சுச் சொல்லுங்க."

சிலுவையால் பொறுக்க முடியவில்லை. "சொன்னா கேளும் தண்டேலு! ஒரு பகலு மணல்ல கெடந்தா நாங்க என்ன உருகியா போயிருவோம்?"

தம்பி அவரைப் பார்க்கவில்லை. சூசையம்மாளைப் பார்த்துச் சொன்னான். "எனக்காக நீங்க ஒரு வாட்டி வீட்ட ஒழிச்சுட்டு வெளிய படுத்திய. அது போதும். இன்னொரு வாட்டி நான் படுக்க விடமாட்டேன்."

சூசையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிலுவை மூட்டையை இறக்கி வைத்தார்.

எங்கே வெளியே படுத்தார்கள் என்று தாணுலிங்கம் என்னிடம் கேட்டார். தோணி, மழை, வள்ளத்தின் அடி எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுப் பையிலிருந்து எங்கள் மனுவை எடுத்தார். அதில் ஒரு வரியைத் தம்பியிடம் காட்டினார். "தெருமுனைக்கு அப்பால நடக்க முடியாதுன்னு மனுவுல இருக்கே. இப்ப எங்கேருந்து வாரிய?"

"கோயில்லேருந்து."

"அப்ப மனுவுல இருக்குறது?"

"இன்னைக்கு வரைக்கும் முடியாதுதான் சார்."

தாணுலிங்கம் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் பிளாரன்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்க ஊர்ல அம்மன் கோயில் கொடைன்னா எங்க வீட்டுலயும் நடக்க எடம் இருக்காது" என்றார் அவர். "யாரு எவருன்னு எங்க அப்பாவுக்கே தெரியாது. ஆனா அத நான் இதுல எழுத முடியாது." விசாரணைத் தாளில் வேறு யாரும் இல்லை என்று எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்தார். தாளைத் திருப்பி, கட்டம் இல்லாத வெற்றுப் பக்கத்தில் மெதுவாக எழுதினார். திருநாள் பத்து நாளும் வேம்பாரைச் சேர்ந்தவர்கள் முன் அறையில் விருந்தினராகத் தங்குகிறார்கள், வாடகை இல்லை, உறவும் இல்லை, மற்ற நாட்களில் இருவர் மட்டுமே குடியிருப்பு என்று. வாசித்துக் காட்டினார். தம்பி கையெழுத்துப் போட்டான்.

"மேல இருக்கவுக என்ன சொல்லுவாவளோ, அது எனக்குத் தெரியாது."

"உள்ளத எழுதிட்டியள்லா. போதும்."

சூசையம்மாள் அவரைச் சாப்பிடாமல் விடமாட்டேன் என்றாள். வெள்ளிக்கிழமை, கருவாடு வேண்டாம் என்றார். கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

பதில் வரும்போது மழைக்காலம் தொடங்கிவிட்டது. குடியிருக்கும் பகுதிக்குப் பாதி வரி தள்ளுபடி. விருந்தினர் தங்கும் முன் அறை குடியிருப்பில் சேராது, அதற்கு முழு வரி. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கோபமாகத்தான் வாசித்தேன். தம்பி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான்.

"சரியாத்தான எழுதியிருக்காவ" என்றான். "அந்த ரூம்புல நாம எங்க குடியிருக்கோம்? அது அவுக எடம்."

"எப்படிலே கட்டுவ?"

"பாதி கொறஞ்சிருக்குல்லா. மிச்சத்துக்குப் பழைய பாய் ரெண்டு கூட ஒட்டுப் போட்டுத் தச்சாப் போச்சு."

கணக்குப் பார்த்தால் இழுத்துப் பிடித்துச் சரியாக வந்தது. அறை கிடையாது என்று பால்துரை அண்ணாச்சியிடம் ஆள் விட்டுச் சொல்லவில்லை. அவனே கடைக்குப் போய்ச் சொன்னான். அவன் கடைத்தெருவில் நின்று பேசுவதைப் பார்த்த அண்ணாச்சி, வெங்காயத்தை மறந்துவிட்டு அவனுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டாராம்.

வரி கட்ட வேண்டிய நாளில், "நான் போய்க் கட்டிட்டு வாரேன், குடு" என்று கேட்டேன். அவன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கம்புகளை எடுத்து, அடியில் தேய்ந்திருந்த ரப்பரைத் திருப்பிப் பார்த்தான்.

"நீ வேணும்னா கூட வா அக்கா" என்றான். "ஆனா பின்னால வா. முன்னால போனா ஒன் நடைக்கு என்னால ஈடு குடுக்க முடியாது."

நான் பின்னாலேயே போனேன்.